மேல்காற்று என்றால் பயமில்லை என்று சொன்னவள்

1

தவறு தொடங்கியது காலை ஏழே காலுக்கு. கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் ஈர மணலில் நின்றுகொண்டு என் மகளிடம் சொன்னேன்: "மேல்காத்துதான் அடிக்குது. பயமில்ல, போ."

இதைப் படிக்கிற காரைக்கால்காரர்களில் கடலோரத்தில் இருப்பவர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்திருப்பீர்கள். என்னைப் போல வயல்பக்கம் வளர்ந்தவர்களுக்கு விஷயம் விளங்க இன்னும் கொஞ்சம் நேரமாகும். எனக்கு அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

அது நடந்து இந்த ஜூலையோடு ஒரு வருடம். போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே பிரான்சில், கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து மகள் தாரணியின் சாமான்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து திரும்பியபின் யாரும் தொடாத ஒரு ஆணி பாதியில் சிக்கியது. பல்குச்சியால் நோண்டினேன். கறுப்பு கலந்த மணல் கொஞ்சம் உதிர்ந்தது. இந்த ஊர் மணல் வெளிறிப்போன மாவு மாதிரி இருக்கும். இது அதுவல்ல. ஸ்பானரைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். கணவர் எட்டிப் பார்த்து, "முதுகு புடிச்சிக்கிச்சா?" என்றார். ஆமாம் என்றேன். ஐம்பதை நெருங்குகிற பெண்ணுக்கு எல்லாக் கேள்விக்கும் முதுகுதான் வசதியான பதில்.

2

நான் குரும்பகரத்துக்காரி. நெல் விளைகிற ஊர். கடல் என்பது எங்களுக்கு மாசி மகத்தன்று கால் நனைக்கிற இடம். மற்ற நாட்களில் மீன்காரம்மா வருகிற திசை. காரைக்காலில் வேதியியல் படித்தேன். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். மருந்துக்கடையில் வேலை. மற்றவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுக்கிறபோது எனக்கும் ஒரு அட்டை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. நீந்தத் தெரியாத தாய்க்குக் கடல்மேல் பறக்கிற மகள் வாய்த்தாள்.

பறப்பது என்பது மிகையில்லை. ஒரு பலகை. அதன் அடியில் ஒரு ஆள் இடுப்புயரத்துக்கு ஒரு கம்பம் தண்ணீருக்குள் இறங்கும். கம்பத்தின் அடியில், குட்டி விமானம் போல, முன்னே ஒரு பெரிய இறக்கை, பின்னே ஒரு சின்ன வால் இறக்கை. இதற்குத்தான் ஃபாயில் என்று பேர். பலகைமேல் நிற்கிறவள் கையில் காற்றடித்த ஒரு பெரிய துணி இறக்கை, அது விங். விங்கில் காற்றுப் பிடித்துப் பலகை நகர்ந்ததும், தண்ணீருக்குள் இருக்கிற இறக்கை மொத்தத்தையும் மேலே தூக்கிவிடும். அப்புறம் பலகை தண்ணீரைத் தொடாது. சத்தமும் இருக்காது. முதல் தடவை பார்த்தபோது நான் கைதட்டினேன். இரண்டாவது நிமிடம் அழுதேன்.

தாரணிக்கு அப்போது பதினைந்து வயது. தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஆகவே படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன்: நிபந்தனை போட்டேன். பலமான காற்றில் போகக் கூடாது, மெல்லிய காற்றில் மட்டும் போகலாம். மெல்லிய காற்றில் ஆபத்து குறைவு என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பிறகுதான் தெரிந்தது, மெல்லிய காற்றில் எழும்புவதற்குத் தனிச் சாமான் வேண்டுமாம். முன் இறக்கை பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் மெதுவாகப் போகிறபோதே தூக்கும். பலகை நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் தண்ணீரைவிட்டுச் சீக்கிரம் கழலும். விங்கும் பெரிது வேண்டும். ஆனால் ரொம்பப் பெரிதானால் அதன் நுனி தண்ணீரில் உரசும், தாரணி உயரத்துக்கு ஆகாது.

இதையெல்லாம் நான் ராத்திரி பகலாகப் படித்தேன். பயம் ஒரு மனுஷியை எவ்வளவு கற்றவளாக்குகிறது என்பதற்கு நானே சாட்சி. ஆனால் படித்ததைக் கடையில் போய்ச் சொல்ல வேண்டுமே. பிரெஞ்சில் இறக்கைக்கு 'எல்' என்று பேர். 'அவள்' என்பதற்கும் 'எல்'தான். எழுத்து வேறு, காதுக்கு ஒன்றே. கடைக்காரரிடம் நான், "இந்த எல் ரொம்பச் சின்னது, எனக்குத் திருப்தியில்லை, பெரிதாக ஒன்று மாற்றிக் கொடுங்கள்" என்றேன். அவர் என் பக்கத்தில் நின்ற தாரணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வயசுக்குச் சரியாத்தானே இருக்கிறாள், அம்மா?" என்றார். தாரணி வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க என்னோடு எந்த மொழியிலும் பேசவில்லை.

பொருத்துவதில் மட்டும் எனக்கு ஒரு அனுகூலம் இருந்தது. பலகையின் அடியில் இரண்டு நீளப் பள்ளங்கள் உண்டு. கம்பத்தை அதில் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கலாம். முன்னே தள்ளினால் பலகை மூக்கைத் தூக்கும். பின்னே தள்ளினால் மூக்கு அமுங்கும். இங்கே எல்லோரும் இதற்குப் படம் போட்டு விளக்குகிறார்கள். நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் படம் எதற்கு? முன்பாரம், பின்பாரம், அவ்வளவுதான். மெல்லிய காற்றுக்குக் கம்பத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பின்பாரமாக வைத்தால் சீக்கிரம் எழும்பும். அந்த இடத்தில் பலகையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

இன்னொன்றும் கற்றேன். இங்கே பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னது: மேற்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது, என்ன ஆனாலும் உன்னைக் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். கிழக்குக் காற்று அடித்தால் கடலில் இறங்காதே. நான் இதைத் தமிழ்ப்படுத்தி வீட்டில் அமல்படுத்தினேன். மேல்காத்துன்னா போ, கீழ்காத்துன்னா வீட்டுல இரு. காலையில் 'சாப்ட்டியா' என்று கேட்பது போல, 'மேல்காத்துதானே' என்று கேட்பேன். மூன்று பேரும் அதை அப்படியே நம்பினோம்.

3

போன வருடம் ஊருக்குக் கிளம்பும்போது தாரணி வரமாட்டேன் என்றாள். "அங்க வந்து நான் என்ன செய்வேன்? எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளுவாங்க. 'சாப்பாடு பிடிக்குதா'ன்னு கேப்பாங்க. பிடிக்குதுன்னு சொன்னா இன்னும் போடுவாங்க." குறை சொல்ல முடியாத வர்ணனை. அவளுக்குப் பதினேழு. அடுத்த வருடம் படிக்க வேறு ஊர் போய்விடுவாள், அதற்கப்புறம் கூப்பிட்டால் வருகிற வயதும் இருக்காது. என் ஊர் அவளுக்கு ஒரே ஒரு தடவையாவது பிடித்துப்போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. "பலகையை எடுத்துட்டு வரலாம்" என்றேன். உடனே பெட்டி கட்டினாள்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஃபாயில் பையைத் திறந்தார்.

"என்னம்மா இது, ட்ரோனா?"

"இல்ல சார். விளையாட்டுச் சாமான்."

"உடம்பு இருக்கு, இறக்கை இருக்கு, வால் இருக்கு. எஞ்சின் எங்க?"

"எஞ்சின் கிடையாது சார், காத்துதான்."

"அப்ப ஏன் இவ்ளோ கனம்?"

அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் அன்று ராத்திரியும் அங்கேயே இருந்திருப்போம். தாரணி தன் கைபேசியில் அவள் பறக்கிற காணொளியைக் காட்டினாள். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். நான்காவது முறை பார்த்தபின் விட்டார்.

நெரவியில் இருக்கிற என் தம்பி ரவி எங்களை ஏற்றிப்போகக் குட்டியானை வண்டி பிடித்து வந்திருந்தான். காரைக்காலில் அலுவலக வேலை பார்க்கிறான். அவன் வீட்டு முற்றத்தில் நான் பாய் விரித்து ஃபாயிலைக் கோத்தபோது சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏங்க்கா, இது உழுவுறதுக்கா, பறக்குறதுக்கா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருடா. அந்த ஸ்பானர எடு."

"மாத்திர கடையில வேல பாக்குறேன்னுதானே சொன்ன? மெக்கானிக் ஆனத சொல்லவே இல்லியே."

தாரணி சிரித்தாள். ஊர் பிடித்துவிட்டது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

4

காரைக்கால் கடற்கரையில் கூட்டம் இருக்கும் என்று கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனோம். ஆடி பிறக்கவில்லை. காற்று மெல்லியதாக இருந்தது. பின்னால் சவுக்குத் தோப்பு. கரையோரத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. கொஞ்சம் தள்ளித்தான் சிலிர்ப்பு தெரிந்தது.

தாரணியின் கைபேசிக்கு ஊரில் இணையம் கிடைக்கவில்லை. "அம்மா, காத்து எங்கேருந்து வருது? இங்க ஒண்ணும் தெரியல" என்றாள்.

என் கைபேசியைப் பார்த்தேன். மேற்கு என்று இருந்தது. சொன்னேன். முதல் பத்தியில் இருக்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"நிச்சயமா?"

"நான் பொறந்த மண்ணுடி இது."

அப்போது என் கண்ணுக்கு நேரே, கடலுக்கு மேலே, சூரியன் கூசிக்கொண்டிருந்தது. அது எந்தத் திசையில் உதிக்கும் என்று ஒன்றாம் வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் இருபது வருடமாக நான் கடலைப் பார்த்து நின்றால் எனக்கு முன்னால் இருப்பது மேற்கு. அங்கே சூரியன் கடலில் விழும். என் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. காவிரி மேற்கே புறப்பட்டுக் கிழக்கே இறங்குகிறது, அதனால்தான் மேல், கீழ் என்றே திசைக்குப் பேர், நாம் கடைமடைக்காரர்கள் என்று தாரணிக்கு எத்தனை தடவை வகுப்பெடுத்திருப்பேன்! வகுப்பெடுத்தவள் சூரியனைப் பார்த்துக்கொண்டே மேற்கு என்று நினைத்தாள்.

தாரணி பலகைமேல் முட்டி போட்டு வெளியே போனாள். சிலிர்ப்பு தெரிந்த இடத்துக்கு வந்ததும் விங்கை இரண்டு தடவை வீசினாள். எழும்பினாள். பெரிய இறக்கை, நீளப் பலகை, நகப்பூச்சுக் கோடு எல்லாம் சேர்ந்து அவளைத் தூக்கின. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏ, பறக்குதுடா!"

"யாரு வூட்டுப் புள்ள?"

"எங்க அக்கா மவ. பிரான்சுலேருந்து வந்திருக்கு" என்றான் ரவி, தானே செய்து அனுப்பியது போல.

"அங்கல்லாம் பள்ளியோடத்துக்கே இப்புடித்தான் போவும் போல."

என் பெண்ணைப் பார்த்து என் ஊர் வாய் பிளந்து நின்றது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காட்சி இல்லை. சில நிமிடம் நீடித்தது.

5

மெல்லிய காற்றுக்கு ஒரே ஒரு கெட்ட குணம்: அது நின்றுவிடும். நின்றது. தூரத்தில் தாரணி தண்ணீரில் இறங்கியது தெரிந்தது. மஞ்சள் விங் தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது. மறுபடி எழும்பும் அளவுக்குக் காற்று இல்லை. ஆனால் படுத்திருக்கிற விங்கையும் பலகையையும் தள்ளிக்கொண்டு போக அதில் மிச்சமிருந்தது போதும்.

நான் தூக்குவாளியைத் திறந்து இட்லி சாப்பிட ஆரம்பித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதுதான் உண்மை. தக்காளிச் சட்னி.

"அக்கா, அது சின்னதாவுற மாரி இருக்கே" என்றான் ரவி.

"வெயில்ல ஒனக்குக் கண்ணு கூசுது. மேல்காத்துடா. தானா தள்ளிக்கிட்டு வந்துடும்."

"எனக்கென்னமோ…"

"அங்க ரெண்டு வருஷமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

வலை பிரித்தவர்களில் ஒருவர், மாரி என்று பேர், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வந்தார். "யக்கா, மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சிது, இப்பக் காணும். எந்தப் பக்கமாப் போவுது?"

கடலைக் கையால் காட்டிச் சொன்னேன்: "மேக்கால."

அவர் திரும்பித் தோப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மேக்க சவுக்குத்தோப்புல்ல இருக்கு?"

இட்லி கையில் இருந்தது. என் துப்பட்டா எனக்கு முன்னால், கடலைப் பார்த்து, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் ஆடியிருக்கிறது. இங்கே மேல்காற்று என்றால் தோப்பிலிருந்து கடலுக்குப் போகிற காற்று.

அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தைப் பற்றி ரவி இன்னும் போனில் சொல்லிக் காட்டுகிறான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம், பாதி பிரெஞ்சிலாம். மாரியும் இன்னொருவரும் ஃபைபர் படகை மணலில் இழுத்தார்கள். எஞ்சின் முதலில் இருமியது, பிறகு நின்றது, பிறகு ஓடியது. படகு அலை தாண்டியதும் நானும் தண்ணீருக்குள் நடந்தேன். ரவி என்னைத் தோளைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். "ஒன்னையும் தேட இன்னொரு படகு வேணுங்க்கா, இரு."

பிரான்சில் அப்போது விடியவில்லை. அங்கேயே இருந்துவிட்ட கணவரைப் போனில் எழுப்பினேன்.

"தாரணி கடல்ல மாட்டிக்கிட்டா. காத்து நின்னுடிச்சி. வெளியே போயிட்டா."

"என்ன காத்து?" தூக்கக் குரல்.

"மேல்காத்து."

"அப்ப என்ன? பயமில்ல. தள்ளிக்கிட்டு வந்துடும்." கொட்டாவி விட்டார். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. "ஏய், நீ எங்க நிக்கிற?" என்றார். "காரைக்காலா?"

ஒரே வீட்டில் மூன்று பேர். மூவரும் ஒரே மாதிரித் திசை தப்பிப்போயிருந்தோம்.

இதற்குள் யாரோ சொல்லி மோட்டார் சைக்கிளில் ஒரு காவலர் வந்தார். இறங்கும்போதே கேட்டார், "பேரு என்ன?"

"தாரணி."

"போட் லைசென்ஸ் இருக்கா?"

"போட் இல்ல சார், பலகை."

"பலகைன்னா இறக்க இருந்துதுன்னு சொல்றாங்க?"

"அது… பறக்கும் சார்."

"பறக்குதுன்னா பர்மிஷன் எங்ககிட்ட கெடையாதும்மா, அது வேற டிபார்ட்மெண்ட்."

ரவி கத்தினான்: "சார், மொதல்ல புள்ள வரட்டும் சார்!"

அவர் கோபப்படவில்லை. "அதுக்குந்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று போனை எடுத்து, கிளிஞ்சல்மேட்டில் யாரையோ கூப்பிட்டு இன்னொரு படகு விடச் சொன்னார். மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் இருந்த இட்லியை வாங்கி ஓரமாக வைத்தாள். "அழுவாதீங்க. தண்ணி இன்னைக்கி சாதுவாத்தான் கெடக்கு" என்றாள்.

தாரணி பலகையோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறாள், பலகை முங்காது, நல்ல மிதவைச் சட்டை போட்டிருக்கிறாள். இதெல்லாம் நான் தேடித் தேடி வாங்கியவை. அந்த மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சரியான சாமானைப் பூட்டி, சரியான இடத்தில் கம்பத்தை இறுக்கி, என் பெண்ணை நானே வங்காள விரிகுடாவுக்குள் அனுப்பியிருந்தேன்.

இப்போதெல்லாம் இங்கே கடற்கரையில் காரை நிறுத்தியதும் நான் இறங்கி, கடலைப் பார்த்து நின்று, முடியை அவிழ்த்துவிடுகிறேன். அது முகத்தில் விழுகிறதா, முதுகில் விழுகிறதா என்று பார்க்கிறேன். மருந்துக்கடைக்கு வருகிற ஒரு பாட்டியம்மா, இந்தியப் பெண்கள் கடலுக்குச் செய்கிற வழிபாடா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. தமிழும் போதாது.

6

வெயில் ஏறியது. துப்பட்டா தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் ஒன்றுமே அசையவில்லை. மாரியின் படகுச் சத்தமும் கேட்கவில்லை. பிறகு என் முகத்தில் ஏதோ பட்டது. ஈரமாக, உப்பாக. துப்பட்டா மெல்ல எழும்பி என் முதுகுப் பக்கம் போனது. கடல்காற்று இறங்கிவிட்டது. எனக்கு அதை நம்ப முடியவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோருடைய சட்டையும் தோப்புப் பக்கம்தான் பறந்தது.

"அக்கா, அந்தா!" என்றான் ரவி.

வடக்கே, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, மஞ்சளாக ஒன்று நிமிர்ந்தது. விழுந்தது. மறுபடி நிமிர்ந்தது. இம்முறை விழவில்லை. அதன் பின்னாலேயே, தேருக்குப் பின்னால் வருகிற ஜனம் போல, மாரியின் படகு புகைவிட்டுக்கொண்டு வந்தது. படகில் ஏறச் சொன்னார்களாம். காற்று திரும்புகிறது, நானே வந்துவிடுவேன், நீங்கள் பின்னால் மட்டும் வாருங்கள் என்று அவள் தன் உடைந்த தமிழில் சொன்னாளாம். "கூட வாங்க, கூட வாங்கன்னுச்சி. வுட்டுட்டுப் போவ முடியுமா?" என்றார் மாரி பிறகு.

கரைக்குக் கொஞ்ச தூரத்தில் இறங்கிப் பலகையை இழுத்துக்கொண்டு நடந்து வந்தாள். நான் இடுப்பளவுத் தண்ணீர்வரை போய்விட்டேன். இந்தத் தடவை ரவி இழுக்கவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது. பலகையை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விசும்பினாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுதது போலத் தொண்டைக்குள்ளிருந்து. அலை வந்து எங்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் கரைப் பக்கமாகத் தள்ளியது.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் தோளுக்கு மேலாக, மணலில் நின்ற ரவியைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள், "நாளைக்குக் காத்து எங்கேருந்து வருதுன்னு நீங்க பாத்து சொல்லுங்க. அம்மாகிட்ட கேக்காதீங்க."